எட்டரை இஞ்ச் கை: குன்னத்தூர் சத்திரத்து டெய்லர் பாய்

ஜாக்கெட் தைக்க நல்ல டெய்லர் யார் என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். முதலில் கடை, கூலி, நிறைகுறை. அப்புறம் என் சொந்தக் கதை வரும். ஜாக்கெட் விவரம் மட்டும் போதும் என்பவர்கள் பாதியில் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தை மதுரைக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெயரில்தான் புதுசு. திருமலை நாயக்கர் கட்டி 350 வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே நாயக்க ராஜாக்களின் சிலைகளுக்கு நடுவே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு டெய்லர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையில் ஒருவர்தான் பாய். மண்டபத்துக் கடைகளைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது அவரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதற்கு, "என் பேரெல்லாம் போட்டுறாத பாப்பா. இருக்கிற துணியத் தைக்கவே ஆள் இல்ல" என்றார். அதனால் பெயர் இல்லை. வளையல் கடைகளில் "வயசான டெய்லர் பாய்" என்று கேட்டால் கை காட்டுவார்கள். ஒரு காது சரியாகக் கேட்காது, வலது பக்கம் நின்று பேசவும்.

கூலி: சாதா ஜாக்கெட் 180 ரூபாய், லைனிங் வைத்தால் 380, பைப்பிங்குக்குத் தனியாக 50. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஏசி போட்ட கடைகளில் கொடுப்பதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டர் டிசைன், முதுகில் ஜன்னல், மயில், ஆரி வேலை எதுவும் அவரிடம் நடக்காது. கேட்டால் உங்களையே ஒரு மாதிரி பார்ப்பார். நேரான கட் ஜாக்கெட், தோளில் நழுவாது, அக்குளில் சுருங்காது, ஐந்து வருடம் துவைத்தாலும் தையல் விடாது. உள்பக்கம் இரண்டு இஞ்ச் துணி பிரித்துவிட விட்டுவைப்பார். உடம்பு போட்டால் அதை ஒவ்வொரு தையலாகப் பிரித்து வருடங்களை ஓட்டலாம். என் அம்மாவின் ஜாக்கெட் ஒன்றை அப்படித்தான் மூன்று முறை பிரித்தார்.

குறை என்றால் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. சொன்ன தேதிக்குத் தரவே மாட்டார். செவ்வாய் என்றால் அடுத்த செவ்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். அழகருக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பு, குல்லா, கோவில் தொம்பை என்று கடை முழுக்கப் பச்சையும் சிவப்பும் குவிந்து கிடக்கும், உங்கள் ஜாக்கெட் அதற்கடியில் எங்கேயோ இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். போன் எடுக்க மாட்டார். துணியை மாற்றிக் கொடுத்த சம்பவமும் ஒருமுறை உண்டு, என் மாம்பழக் கலர் ஜாக்கெட்டை யாரோ ஒரு அம்மாள் நான்கு நாள் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் மீறி நான் 16 வயதில் தாவணி ஜாக்கெட்டுக்குப் போனதிலிருந்து இன்று 45 வயது வரை அவரிடம்தான் தைக்கிறேன். காரணம் அவருடைய அளவு நோட்டு.

மற்ற டெய்லர்களிடம் அளவு ஜாக்கெட் என்று பழசு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். பாய்க்கு வேண்டாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். உயரம், மார்பு, இடுப்பு, தோள், முன்கழுத்து, பின்கழுத்து, கை நீளம், கை லூஸ் என்று வரிசையாக இருக்கும். மாறினால் பழைய எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் புதுசை எழுதி வருடத்தைப் போடுவார். நோட்டு நைந்துபோனால் அந்தப் பக்கத்தை, அடித்த கோடுகளோடு சேர்த்து, அப்படியே புது நோட்டுக்கு எடுத்து எழுதுவார். அடித்ததை ஏன் பாய் எழுதுகிறீர்கள் என்று கேட்டால், "நாளைக்கு இளைச்சா வேணும்ல?" என்பார். என் பக்கத்துத் தலைப்பில் என் பெயர் இல்லை. "தபால் ஆபீஸ் அம்மா மக" என்று இருக்கிறது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது, தலைப்பு மாறவில்லை.

சரி, இனி கதை.

எனக்கு வெண்புள்ளி இருக்கிறது. ஊரில் சொல்லும் பெயர் வேறு, அதை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரில் இருக்கும் குஷ்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதால்தான் அரசாங்கமே அதை மாற்றி 'வெண்புள்ளி' என்று எழுதச் சொன்னது. (குஷ்டத்தையே இன்றைக்கு மாத்திரையில் முழுசாகக் குணப்படுத்திவிடுகிறார்கள். அதைத் திட்டும் வார்த்தையாக வைத்திருப்பது எந்த ஊர் நியாயம் என்பது தனிக்கதை.) வெண்புள்ளி தொற்றாது. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். உலகத்தில் 100 பேரை எடுத்தால் ஒருவருக்கு, சில இடங்களில் இரண்டு பேருக்குக்கூட இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேர் முழுக்கையில் இருப்பார்கள், உங்களுக்குத் தெரியாது.

எனக்கு ஆரம்பித்தது 2010-இல், நெற்றியில், ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில். அந்தப் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் சிலருக்கு நிறத்தை எடுத்துவிடும் என்று பிற்பாடு தோல் டாக்டர் சொன்னார். அப்போது தெரியாததால் வெள்ளையை மறைக்க இன்னும் பெரிய ஸ்டிக்கர் பொட்டாக வாங்கி ஒட்டினேன். இப்போது சிரிப்பு வருகிறது. அடுத்த வருடம் மணிக்கட்டிலும் விரல் நுனிகளிலும் வந்தது. வெள்ளை எங்கெல்லாம் ஏறியதோ, அதைத் துரத்திக்கொண்டு ஜாக்கெட் கையும் இறங்கியது.

யாரோ சொன்ன நாட்டு மருந்தும் பார்த்தேன். கார்போக அரிசியை அரைத்துப் பூசி மொட்டைமாடியில் வெயிலில் நிற்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்த விதையில் விஷயம் இருக்கிறது. வெயிலோடு சேர்ந்தால் தோலில் வேலை செய்யும் சோராலென் அதில் உண்டு, ஆஸ்பத்திரியில் அதையே அளவு பார்த்து, ஒளியை அளந்து கொடுத்தார்கள். நான் மதுரை மே மாத வெயிலில் மதியம் பன்னிரண்டு மணிக்கு அளவில்லாமல் நின்றேன். கொப்புளம் கிளம்பியது. கொப்புளம் ஆறிய இடமெல்லாம் புது வெள்ளை. வெண்புள்ளிக்காரர்களுக்குக் காயம், உராய்வு, இறுக்கம் பட்ட இடத்தில் புதிதாக வரலாம் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பத்தியம் வேறு. மீன் கூடாது, புளி கூடாது, எலுமிச்சை கூடாது. ஆறு வருடம் அயிரை மீன் குழம்பை எதிரே வைத்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டவள் நான். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையேம்மா" என்றபோது நோய் வந்த அன்று வராத அழுகை வந்தது.

வேலை ஒரு கூட்டுறவு வங்கியில். எது என்று கேட்காதீர்கள். நான் கேஷ் கவுன்ட்டரில் இருந்தேன், நாள் முழுக்க அடுத்தவர் கண்ணெதிரே கைகளை வைத்துக்கொண்டு செய்யும் வேலை. 2014-இல் ஒருநாள் நகைக்கடன் திருப்ப வந்த ஒருவர், நான் நீட்டிய மீதிப் பணத்தை வாங்கவில்லை. "மேஜைல வைங்க, நான் எடுத்துக்கிறேன்" என்றார். வைத்தேன். அந்த வாரமே மேலாளர் கூப்பிட்டு, உள்ளறையில் லெட்ஜர் வேலை பாருங்கள், உங்கள் வசதிக்காகத்தான் சொல்கிறேன் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேங்க்ஸ் சார்."

என் கையிலிருந்து பணம் வாங்காத அந்த ஆளை நான் மறந்துவிட்டேன். மேலாளரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இந்த தேங்க்ஸ்தான் போகவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது வரும், பஸ்ஸில் வரும். எதற்குடி தேங்க்ஸ் சொன்னாய், சூடு சொரணை இல்லையா என்று என்னை நானே கேட்பேன். ஒரு தப்பும் செய்யாமல் திருடிபோல முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு திரிந்தது போதாதென்று, அப்படித் திரிந்ததற்காகவும் தனியாகத் திட்டு.

2016-இல் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். "அத்தை கொஞ்ச நேரம் உள்ள இருக்கட்டும்" என்று ஒரு பெரியம்மா சொன்னார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் வெண்புள்ளி உள்ளவர்களின் சொந்தப் பிள்ளைகளிலேயே பெரும்பாலானவர்களுக்கு அது வருவதில்லை. இதையெல்லாம் யார் அங்கே எடுத்துச் சொல்வது? நான் அடுப்படியில் உட்கார்ந்து கேசரிக்கு முந்திரி உடைத்தேன். மறுவாரம் பாயிடம் போய், எல்லா ஜாக்கெட்டுக்கும் முழுக்கை என்றேன். மணிக்கட்டு எலும்பைத் தாண்டி வரவேண்டும் என்றேன். அவர் டேப்பை வைத்து, "இருபத்தொண்ணு" என்று எழுதினார். ஏன் என்று கேட்கவில்லை. சொன்னது ஒன்றுதான்: "சீலைல வர்ற பிட்டு பத்தாது. அது எம்பது பாயிண்ட்தான் இருக்கும். முழுக்கைக்கு ஒண்ணே கால் மீட்டர் தனியா எடு."

எட்டு வருடம் தனியாகத்தான் எடுத்தேன். சேலைக்கும் அதற்கும் கலர் ஒருநாளும் சேர்ந்ததில்லை. சேலையோடு வந்த பிட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன்.

நடுவில் ஒரு நல்ல தோல் டாக்டர் கிடைத்தார். வாரத்துக்கு இரண்டு நாள் ஒளி சிகிச்சை, பூச ஒரு களிம்பு, தைராய்டு பரிசோதனை. ஸ்டிக்கரை விட்டுவிட்டுக் குங்குமத்துக்கு மாறினேன். நெற்றி ஏறக்குறையத் திரும்பிவிட்டது. முன்கையில் பாதி திரும்பியது. விரல் நுனிகள் திரும்பவில்லை, அவை பொதுவாகவே பிடிவாதக்கார இடம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். "நிரந்தர மருந்து வந்துவிட்டது" என்று உறவுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் பெரும்பாலும் குப்பை. ருக்ஸோலிடினிப் என்ற களிம்புக்கு 2022-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி கொடுத்தது மட்டும் நிஜம். அதுவும் எல்லோருக்கும் முழுசாகத் திரும்பும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

அந்த டாக்டர்தான் ஒருநாள், "தோலை நான் பாக்கிறேன், மத்ததுக்கு ஒருத்தரைப் பாருங்க" என்று அண்ணா நகரில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். ஒரு சின்ன வீட்டின் முன்னறை. முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு, என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஒரு தடவைக்கு 600 ரூபாய், மொத்தம் ஏழு தடவை போனேன். (இதற்கும் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம். முன்னறையில் மின்விசிறி சத்தம் தாங்காது. மற்றபடி கொடுத்த காசுக்கு நியாயம்.)

முதல் இரண்டு தடவை எனக்குப் பிடிக்கவேயில்லை. உங்கள் மேலேயே உங்களுக்கு இரக்கம் வேண்டும் என்றாள். நம் மொழியில் அந்தப் பக்கம் நல்ல வார்த்தையே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? தன்னிரக்கம், கழிவிரக்கம், சுயபச்சாதாபம் எல்லாமே மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற வார்த்தைகள். எங்கள் அம்மா சுயபச்சாதாபத்தைச் சோம்பேறித்தனத்துக்கு அடுத்தபடியாக வெறுத்தவர். அதைச் சொன்னேன். அந்தப் பெண் யோசித்துவிட்டு, சரி, 'பரிவு' என்று வைத்துக்கொள்வோம், காய்ச்சல்காரப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி என்றாள். அமெரிக்காவில் கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் இதை அளக்கவே 2003-இல் 26 கேள்வி கொண்ட ஒரு தாளை வெளியிட்டாராம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். மனசுக்கும் அளவு டேப் வைத்திருக்கிறார்களா என்று அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் மூன்று சங்கதி: தன்னிடம் கடுமையாக இல்லாமல் கனிவாக இருப்பது, இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் வந்ததில்லை, மனிதராய்ப் பிறந்தவர்களுக்கெல்லாம் ஏதோ ஒன்று உண்டு என்று உணர்வது, வலியை ஊதியும் பெருக்காமல் மூடியும் வைக்காமல் இருக்கிறபடி பார்ப்பது. முதலாவதில் எனக்குக் கிடைத்த மார்க்கை இங்கே எழுத மாட்டேன்.

தேங்க்ஸ் விஷயத்தைச் சொன்னது ஐந்தாவது தடவையில். "அன்னைக்கு அந்த 34 வயசுப் பொண்ணுக்கு நீங்க ஒரு லெட்டர் எழுதுங்கக்கா" என்றாள். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தால் ஒரு வரி வரவில்லை. வாழ்நாளில் நான் எழுதியதெல்லாம் அலுவலகக் கடிதம்தான். கடைசியில் அப்படியே எழுதினேன். "மதிப்பிற்குரிய அம்மையீர், பொருள்: 2014-ஆம் ஆண்டு தாங்கள் மேலாளரிடம் நன்றி கூறியது தொடர்பாக." எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வரி தானாக வந்தது: "அன்று தங்கள் இரு பிள்ளைகளும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தனர். வீட்டுக்கடன் நிலுவையில் இருந்தது. வேறு என்ன சொல்லியிருக்க இயலும் என இவ்வலுவலகம் பரிசீலித்ததில், எதுவுமில்லை எனத் தெரிய வருகிறது. எனவே இப்பொருள் குறித்த கோப்பு இத்துடன் முடிக்கப்படுகிறது." கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். முத்திரைதான் இல்லை. அப்புறம் அரை மணி நேரம் உட்கார்ந்து அழுதேன். கணவர் எட்டிப்பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுப்பில் பாலை இறக்கினார்.

கோப்பு முடிந்துவிட்டதா என்றால், அவ்வப்போது மறுபடி மேஜைக்கு வரும். இப்போது பழைய மாதிரி மணிக்கணக்கில் புரட்டுவதில்லை.

இதெல்லாம் நடந்த சமயத்தில், 2024 ஆவணியில், தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகப் பாயிடம் போனேன். அவர் நோட்டை விரித்து வைத்துவிட்டு வெளியே யாருக்கோ கொக்கி வைத்த துணியை எடுத்துக் கொடுக்கப் போனார். நோட்டு என் பக்கம் திரும்பி இருந்தது. இத்தனை வருடத்தில் நான் அந்தப் பக்கத்தை உட்கார்ந்து படித்ததில்லை. கை நீளம் என்ற வரியில் மட்டும் அடித்து அடித்து எழுதியிருந்தது:

6. எட்டரை. 11. 16. 21.

ஆறு, தாவணி வயது. எட்டரை, கல்யாணத்துக்கு, 2003. பதினொன்று முழங்கை வரை, 2012, மாடியில் கொப்புளம் கிளம்பிய வருடம். பதினாறு, கவுன்ட்டரிலிருந்து உள்ளே போன வருடம். இருபத்தொன்று, முந்திரி உடைத்த வருடம். மற்ற வரிகளில் உடம்பு கூடியது, குறைந்தது எல்லாம் இருந்தது, அது எல்லோருக்கும் உள்ளது. இந்த ஒரு வரி மட்டும் நான் யாரிடமும் சொல்லாத கதையை இஞ்ச் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. எழுதியவருக்கு அது தெரியுமோ தெரியாதோ.

பாய் திரும்பி வந்து டேப்பை உதறினார். தோள் எடுக்க என் பின்னால் நின்றவர், "நிமிர்ந்து நில்லு பாப்பா. கூனி நின்னா அளவு தப்பும். பின்பக்கம் தூக்கிக்கும்" என்றார். அவர் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்தேன். தோளில் கால் இஞ்ச் கூடியது.

"கை அதே இருபத்தொண்ணு தானே?"

"எட்டரை வைங்க பாய்."

கேட்காத காது என்று நினைத்து வலது பக்கம் போய் மறுபடி சொன்னேன். "கேட்டுச்சு கேட்டுச்சு" என்றவர், 21-ன் மேல் கோடு இழுத்து எட்டரை என்று எழுதி வருடம் போட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அப்ப சீலைல உள்ள பிட்டே போதும். துணி மிச்சம்" என்றார். அவ்வளவுதான். எட்டு வருடத்துக்குப் பிறகு ஒருத்தி முழங்கைக்கு மேல் கையைக் காட்டப் போகிறாள், இந்த மனுஷனுக்குத் துணி மிச்சம். நான் வாசலுக்கு வந்து ஒரு பருத்திப்பால் வாங்கிக் குடித்தேன், கை கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த வாரம் பிஸ்கட் டப்பாவோடு போனேன். பதினான்கு பிட்டு. அதில் ஒன்று அரக்கில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடி. சுங்குடியில் புள்ளி அழகு, தோலில் புள்ளி அசிங்கமா என்று இந்த இடத்தில் யாராவது கவிதை எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுங்குடிப் புள்ளி ஆசைப்பட்டு முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவது, இது கேட்காமல் வந்தது. என் தோல் அழகு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். என் தோல், அவ்வளவுதான்.

இனி வெண்புள்ளி உள்ளவர்களுக்கு மட்டும் சில தையல் குறிப்பு. பாயிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், முகம் சுளிக்க மாட்டார். கை விளிம்பை இறுக்கமாக வைக்கச் சொல்லாதீர்கள், அழுத்தம் பட்ட இடத்தில் வளையம் மாதிரி வெள்ளை வரலாம். எனக்காக லூஸ் அரை இஞ்ச் கூட்டி, உள்ளே மல் துணி லைனிங் கொடுத்தார். உள்பாவாடைக்கு மெல்லிய கயிறு வேண்டாம், இடுப்பில் அதே கதைதான். ஒன்றரை இஞ்ச் அகல நாடா தைத்துத் தருகிறார், 60 ரூபாய். எலாஸ்டிக்கும் வேண்டாம். கடைகளில் ரெடிமேடாக எனக்குக் கிடைக்காத சமாசாரம் இது.

இன்னொன்று. பதினான்கில் பன்னிரண்டுதான் எட்டரைக் கை. இரண்டை வேறு மல் துணி சேர்த்து முழுக்கையாகவே தைக்கச் சொன்னேன். வெள்ளை இடத்தில் நிறமி கிடையாது, மதிய வெயிலில் சட்டென்று சுட்டுவிடும், வெயிலுக்குக் களிம்பு பூசினாலும் துணி நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெயிலுக்காக முழுக்கை போடுவதும் வெட்கத்துக்காக முழுக்கை போடுவதும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே எது என்று போடுகிறவளுக்குத் தெரியும். சில நாள் எனக்கே தெரிவதில்லை, அன்றைக்கும் போட்டுக்கொள்கிறேன்.

ஏனென்றால் கிரகப்பிரவேசம் அவ்வளவு நன்றாகப் போகவில்லை. சுங்குடியும் எட்டரைக் கையுமாகப் பந்தியில் பரிமாறினேன். இரண்டு பந்தி சரியாகப் போனது. மூன்றாவதில் ஒரு தூரத்து அத்தை, "ஏம்மா, இதுக்கு மருந்து எதுவும் பாக்கலையா?" என்று பந்தி முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார். சாம்பார் வாளியைத் தம்பி மனைவி கையில் கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அந்த ஆலோசகர் பெண் சொல்லிக்கொடுத்த ஒன்று உண்டு, நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நமக்கு நாமே இரண்டு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்வது. சினிமாத்தனமாக இருக்கிறது என்று அதுவரை செய்ததில்லை. பாத்ரூமில் யார் பார்க்கப் போகிறார்கள். வைத்தேன். "சரிடி, வலிக்குது. வலிக்கட்டும். பத்து நிமிஷம் இங்கயே இரு" என்று சொன்னேன். பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்து நான்காவது பந்திக்கு மோர் ஊற்றினேன். மறுநாளிலிருந்து ஒரு வாரம் முழுக்கைதான். அந்த ஒரு வாரத்துக்காக என்னை நான் திட்டவில்லை, அதுதான் எனக்குப் புதுசு.

கவுன்ட்டருக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

மறுபடி கடைக்கே வருகிறேன். தையலுக்கு ஐந்துக்கு நாலரை, நேரத்துக்கு ஒன்று கொடுத்தாலே அதிகம். போகிறவர்கள் நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள், குறைந்தது மூன்று நடை நடக்க வேண்டியிருக்கும். கடைசியாக வாங்கிய கத்திரிப்பூ கலர் ஜாக்கெட்டில் இடது அக்குள் பிடிக்கிறது. நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோட்டைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நிமிர்ந்து நடக்க ஆரம்பிச்சுட்ட, அதான் பிடிக்குது. கால் இஞ்ச் பிரிச்சு விடுறேன், திங்கக்கிழமை வா" என்றார். உடம்பு போட்டுவிட்டது என்பதை அவர் பாணியில் மரியாதையாகச் சொன்னாரா என்ற சந்தேகமும் இருக்கிறது. திங்கட்கிழமை போவேன். தைத்திருக்க மாட்டார்.